பெட்டிகள் பெருகினால் வேலை பெருகுமா?

இலங்கையின் பொருளாதார மீட்சி பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் இன்று ஒரு துறையின் பெயர் தவறாது ஒலிக்கின்றது. லொஜிஸ்டிக்ஸ் என்று வழங்கும் சரக்கு நகர்வுத்துறையே அது. கப்பல், துறைமுகம், களஞ்சியம், பாரவூர்தி, சுங்க ஆவணம், இறுதியில் நுகர்வோனின் வாசல் என்பனவற்றை ஒரே சங்கிலியாகக் கண்டு, அச்சங்கிலியிற் பண்டம் தங்கும் காலத்தையும் அதற்காகும் செலவையும் குறைப்பதே இத்துறையின் பணி. படையணிகளுக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டு சேர்க்கும் கலைக்கு வழங்கிய பெயர் பின்னர் வணிகத்துக்கு உரியதாயிற்று. பெயர் எவ்வாறாயினும், இத்துறை குறித்து இரண்டு கூற்றுக்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை போல எடுத்தாளப்பட்டு வருகின்றன. சரக்கு நகர்வுத்துறை வளர்கின்றது, ஆகவே வேலைவாய்ப்பும் அதே வேகத்தில் வளரும் என்பது முதலாவது. வேலை காத்திருக்கின்றது, கலைப் பட்டதாரிகளே தம்மை அதற்குத் தகுதியாக்கிக் கொள்ளாது அரசாங்க நியமனத்தை எதிர்பார்த்து வீதியோரத்தில் அமர்ந்திருக்கின்றனர் என்பது இரண்டாவது. முதலாவது அரை உண்மை. இரண்டாவது அந்த அரை உண்மையின் மீது கட்டப்பட்ட பழி.

வளர்ச்சி நிகழ்ந்துள்ளது என்பதை மறுத்தற்கில்லை. காலியை ஒதுக்கிக் கொழும்பைத் தீவின் தலைமைத் துறைமுகமாக்க முனைந்த குடியேற்ற ஆட்சியாளர் 1875இல் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினர். 1885இல் அது நிறைவெய்தியது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1985இல், ஜய கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. 1999இல் தனியார் முதலீட்டுடனும், 2013இல் சீன மூலதனத்துடனும், 2025இல் இந்திய மூலதனத்துடனும் புதிய முனையங்கள் சேர்ந்தன. இருபதடிப் பெட்டி ஒன்றை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால், 2024இல் கொழும்பு கையாண்டவை ஏறக்குறைய 78 இலட்சம் அலகுகள். இந்த எண்ணில் ஒரு பகுதி செங்கடலின் கொடை என்பதையும் உடன் கூறல் வேண்டும். 2023இன் இறுதியிலிருந்து அங்கே கப்பல்கள் தாக்கப்பட்டமையால் கப்பற் கம்பனிகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. வழி மாறிய சரக்கைப் பிரித்தனுப்பக் கொழும்பு வசதியாயிற்று. பிறர் போரினால் வந்த பெருக்கத்தைத் தம் கொள்கையின் வெற்றியென ஆட்சியாளர் எண்ணிக்கொள்வது புதிதன்று. கொரிய யுத்தகாலத்து றப்பர் விலையும் அவ்வாறே கொண்டாடப்பட்டது.

ஆயின் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்தப் பெட்டிகளுள் எத்தனை இந்நாட்டிற் திறக்கப்படுகின்றன? கொழும்பு கையாளும் பெட்டிகளுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை மறுஏற்றுமதிப் பெட்டிகள் கூட அல்ல. வெறும் மாற்றுக் கப்பற் பெட்டிகள். அவற்றுட் பெரும்பகுதி இந்தியாவுக்கு உரியது. பெருங்கப்பல் ஒன்று இறக்கிவிடும் பெட்டி முற்றத்தில் அடுக்கப்படுகின்றது. சில நாட்களில் ஒரு சிறுகப்பல் வந்து அதைச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ சிட்டகொங்குக்கோ கொண்டு செல்கின்றது. உள்ளே இருப்பது துணியா, இயந்திரமா, மருந்தா என்பதை இந்நாட்டில் எவரும் கண்ணாற் காண்பதில்லை. வவுனியாவில் இறங்கி மன்னாருக்குப் பேருந்து மாறும் பிரயாணியின் நிலை இதுவே எனலாம். அந்தப் பிரயாணியாவது ஒரு தேநீர் குடிப்பான், பெட்டி அதையும் குடிப்பதில்லை. துறைமுகத்துக்கு இறக்குகூலியும் ஏற்றுகூலியும் டொலரிற் கிடைக்கின்றன. அவ்வருமானம் சிறிதன்று. அந்நியச் செலாவணிக்குத் தவிக்கும் நாட்டில் அதை இகழ்வாரும் இலர். ஆனால் அது வருமானமேயன்றி வேலைவாய்ப்பன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேதான் மயக்கம் தொடங்குகின்றது.

இம்மயக்கத்தைப் போக்கத் துறைமுகத்தின் வரலாறே போதுமானது. கொள்கலனுக்கு முந்திய கொழும்புத் துறைமுகம் மனிதரின் முதுகினால் இயங்கியது. கப்பலிலிருந்து வத்தைக்கும் வத்தையிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து களஞ்சியத்துக்கும் ஒவ்வொரு மூடையும் ஒவ்வொரு கையாக மாறிச் சென்றது. ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் 1927இல் நடைபெற்ற துறைமுக வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றமைக்குக் காரணம், அந்தக் கைகள் நின்றால் தேயிலையும் நின்றது என்பதே. 1958இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, சரக்கேற்றி இறக்கும் பணி தனியார் கம்பனிகளிடமிருந்து பொதுத்துறைக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1956 ஏப்ரல் 26இல், மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கப் பாரவூர்தி முதலாளி 58 பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியிருந்தார். கையால் ஏற்றினால் தொன் ஒன்றுக்கு ஆறு டொலரை அண்மித்த செலவு, பெட்டியில் ஏற்றியபோது பதினாறு சதத்தை அண்மித்துக் குறைந்ததென அன்று கணக்கிடப்பட்டது. குறைந்த அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? அதன் பெரும்பகுதி தொழிலாளியின் கூலி. இலண்டனின் கிழக்கிந்தியக் கப்பற்றுறை 1967இல் மூடப்பட்டது. அதன் அரச கப்பற்றுறைகள் 1981இல் மூடப்பட்டன. உலக வாணிபம் அந்தக் காலத்திற் சுருங்கவில்லை. பன்மடங்கு விரிந்தது. விரிந்துகொண்டிருக்கும்போதே துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புக்கள் வேலையிழந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

(மூடை சுமந்த காலத்தைப் பாட்டாளி வர்க்கத்தின் இழந்த சுவர்க்கமெனக் கருதிக் கண்ணீர் சொரியும் தோழர்களும் நம்மிடையே உளர். நூற்றெழுபது இறாத்தல் அரிசி மூடையை ஏணிப் பலகையில் ஏற்றிய முதுகுக்கு அது சுவர்க்கமாயிருந்ததில்லை. பெட்டி வந்தது தவறு என்பது இங்கு வாதமன்று.)

புதிய முனையங்கள் இப்போக்கை மேலும் தெளிவாக்குகின்றன. 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய கொழும்பு மேற்கு முனையம் 1,400 மீற்றர் நீளமும் 20 மீற்றர் ஆழமும் உடையது. ஆண்டுக்கு 32 இலட்சம் அலகுகளைக் கையாளும் ஆற்றல் அதற்குண்டு எனப்படுகின்றது. அதன் உரிமையாளர் அதனை விளம்பரப்படுத்தும்போது முதன்மையாக எடுத்துரைக்கும் சிறப்பு, அது தானியங்கி முறையில் இயங்குவது என்பதாகும். முதலாளி பெருமைப்படுவது ஆட்கள் தேவைப்படாமை குறித்து. அதே முனையத்தைச் சுட்டி மேடையில் நிற்பவர் வாக்களிப்பது ஆட்களுக்கு வேலை. இருவரும் ஒரே மேடையில் அமர்ந்து கைதட்டிக்கொள்வதில் அவர்களுக்கு எவ்வித சங்கடமும் இருப்பதாகத் தெரியவில்லை. ‘சிங்கப்பூரைப் பாருங்கள்’ என்பது அடுத்த வாதம். பார்க்கலாம். 2024இல் நான்கு கோடிக்கு மேற்பட்ட அலகுகளைக் கையாண்ட அந்நாடு துவாசில் அமைத்துவரும் புதிய துறைமுகத்தில் பெட்டிகளை இழுத்துச் செல்வன சாரதியற்ற வண்டிகள். சிங்கப்பூரின் வேலைவாய்ப்பைத் துறைமுகத் தளமேடை தரவில்லை. அதைச் சூழ எழுந்த எண்ணெய் சுத்திகரிப்பு, கப்பல் பழுதுபார்ப்பு, மின்னணு உற்பத்தி, காப்புறுதி, நிதி ஆகியவை தந்தன. உற்பத்தியற்ற பின்னிலத்தின் முன்னே எழும் துறைமுகம், வயலில்லாத ஊரில் கட்டிய நெற்களஞ்சியத்தை ஒக்கும்.

அந்த மாற்றுக் கப்பற் சரக்கும் நிலையான சொத்தன்று. அயல்நாட்டின் ஆழமற்ற துறைமுகங்களும் அதன் கப்பற் சட்டங்களும் கொழும்புக்கு அளித்த வாய்ப்பே அது. இந்தியா 2018இல் அச்சட்டங்களைத் தளர்த்தியது. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மேயில் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது; பெருங்கப்பல்கள் இப்போது அங்கேயே அணைகின்றன. விழிஞ்ஞத்தை நடத்துவோரே கொழும்பு மேற்கு முனையத்திலும் பெரும்பங்கு உடையவர்கள். பெட்டியை எங்கே இறக்குவது என்பது இனி அவர்களின் இலாபக் கணக்கைப் பொறுத்தது.

எனின், சரக்கு நகர்வுத்துறையில் வேலையே இல்லையா? உண்டு. பெட்டி திறக்கப்படும் இடத்தில் வேலை உண்டு. திறந்த பெட்டியிலிருந்து பண்டத்தை எடுத்துத் தரம் பிரித்தல், பொதியிடல், பெயர்த்தாள் ஒட்டுதல், குளிரிற் பேணல், சில்லறையாகக் கொண்டு சேர்த்தல், கணக்கெடுத்தல் ஆகிய ஒவ்வொன்றும் மனிதரை வேண்டி நிற்பது. 2012ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் கீழ் அடுத்த ஆண்டில் ஆக்கப்பட்ட வணிக மைய ஒழுங்குவிதிகள் இத்தகைய பணிகளை ஈர்க்கும் நோக்குடையனவே. பல நாடுகளிற் தைத்த ஆடைகளை இங்கே ஒன்றுசேர்த்து, பிரித்து, வெவ்வேறு நாட்டுக் கடைகளுக்கு அனுப்பும் களஞ்சியங்கள் சில தோன்றியுள்ளன. பேசப்படவேண்டியது இவற்றின் வளர்ச்சி. ஆனால் மேடைகளில் முழங்குவது பெட்டிகளின் தொகையே. தொகை பெரியது, சொல்லச் சுகமானது.

திறக்கப்படும் பெட்டியைச் சூழ ஏற்கெனவே உள்ள வேலைகளின் தரம் யாது என்பதையும் நோக்கல் வேண்டும். புறக்கோட்டைத் தெருக்களிற் கைவண்டில் இழுக்கும் நாட்டாமைகள் இத்துறையின் தொழிலாளர் அல்லரா? மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தோரும் அவர்களிற் பலர். மூடைக் கணக்கிற் கூலி. மழைக்கு விடுமுறை, கூலியில்லாத விடுமுறை. துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அமைந்த அதே 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் நிறைவேறியது. துறைமுக மதிலுக்கு உள்ளே அச்சட்டம் நுழைந்தது. மதிலிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள நாட்டாமையின் கையை அது பெரும்பாலும் எட்டவில்லை. இரவு முழுவதும் பாரவூர்தி செலுத்தும் சாரதிக்கும் அவரது உதவியாளுக்கும் நிலைமை இதனின் வேறன்று. இன்று கைத்தொலைபேசிச் செயலியின் கட்டளைப்படி மோட்டார் சைக்கிளில் உணவும் பொதியும் கொண்டு ஓடும் இளைஞனைச் ‘சுயதொழில் முயற்சியாளன்’ என அழைக்கின்றனர். விபத்து நேர்ந்தால் அந்தப் பட்டம் அவனுக்கு வைத்தியச் செலவு கொடுப்பதில்லை. வேலைவாய்ப்பின் வளர்ச்சியைக் கணக்கிடுவோர் இவர்கள் யாவரையும் ஒரே தொகையிற் சேர்த்துக்கொள்கின்றனர். உரிமைகளைக் கணக்கிடும்போது சேர்ப்பதில்லை.

இனி, கடலை விட்டு நிலத்துக்கு வரலாம். உண்மையான வேலை இங்கேதான் புதைந்து கிடக்கின்றது. இந்நாட்டிற் புகையிரதம் பிறந்ததே சரக்குக்காக: கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டுவர 1867இல் கண்டிக்குப் பாதை போடப்பட்டது. தோட்டத்துக்குத் தொழிலாளர் கால்நடையாக வந்தனர், தோட்டத்தின் விளைபொருள் வண்டியிற் சென்றது. ஏற்றுமதிப் பயிருக்கு அன்று அமைந்த ஒழுங்கு, உண்ணும் பயிருக்கு இன்றுவரை அமையவில்லை. அறுவடைக்கும் நுகர்வுக்கும் இடையில் மரக்கறியிலும் பழத்திலும் மூன்றிலொரு பங்கு வரை பழுதாகின்றது என வேளாண்மை ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். இணுவிலிலோ புன்னாலைக்கட்டுவனிலோ கிண்டிய வெங்காயம் வெயிலிலும் சாக்கிலும் கிடந்து, விலை வீழ்ந்த சந்தைக்குப் போகின்றது. அங்கே நிறையிற் பத்துக்கொன்றைக் ‘கழிவு’ என வெட்டும் வழக்கம் காத்திருக்கின்றது. விவசாயிகள் எத்தனையோ முறை முறையிட்டும் அது முற்றாக ஒழியவில்லை. அந்தக் கழிவு என்பது வேறொன்றுமன்று. கூடையும் களஞ்சியமும் குளிரும் இல்லாமையால் ஏற்படும் நட்டத்தை வியாபாரி முன்கூட்டியே உற்பத்தியாளன் தலையிற் சுமத்தும் முறையே அது. சரக்கு நகர்வு அறியாமைக்கு யாழ்ப்பாண விவசாயி செலுத்தும் வரி என்றும் அதைக் கூறலாம்.

இது தொழில்நுட்பம் மட்டும் பற்றிய சிக்கல் என நினைப்போர் 2011ஆம் ஆண்டை நினைவுகூர்வது நன்று. அவ்வாண்டின் இறுதியில், மரக்கறிகளைச் சாக்குகளிலன்றிப் பிளாஸ்ரிக் கூடைகளிலேயே ஏற்றவேண்டுமென அரசாங்கம் விதித்தது. விஞ்ஞான நோக்கில் அது முற்றிலும் சரியான விதி. ஆயினும் தம்புள்ளையில் விவசாயிகளும் வியாபாரிகளும் கிளர்ந்தெழுந்தனர், விதி கைவிடப்படவேண்டியதாயிற்று. கூடையை வாங்குவது யார்? வெறுங் கூடையைத் திரும்பக் கொண்டுவரும் கூலி யாருடையது? சாக்கில் ஏற்றிய அளவைக் கூடையில் ஏற்ற முடியாதபோது குறையும் பாரத்துக்கு வாடகை கொடுப்பவர் யார்? வியாபாரியிடம் விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டிருக்கும் விவசாயி எந்தத் துணிவில் இவற்றைப் பேசுவான்? எவரும் இவற்றைக் கேட்டறியவில்லை. கூடையின் வலிமையை அளந்தோர் சந்தையின் அதிகார உறவை அளக்கவில்லை. தம்புள்ளையில் இந்திய உதவியுடன் 5,000 தொன் கொள்ளும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுள்ளது. அதில் இடம் யாருக்குக் கிடைக்கும், என்ன வாடகைக்கு, எந்த மொழியில் விண்ணப்பித்து என்பன அதன் குளிர்ச்சியைவிட முதன்மையான வினாக்கள்.

இந்த இடத்திற்றான் கலைப் பட்டதாரி மீதான பழியைப் பரிசோதிக்கவேண்டியுள்ளது. ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றால் வேலை நிச்சயம் என்கின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, சரக்கு நகர்வு முகாமைத்துவத்துக்கெனத் தனிப் பட்டநெறியே உண்டு. அந்தப் படிப்பின் ஆழத்தை ஆறு மாதத்தில் விற்கலாமென எண்ணுவோர் சான்றிதழ் வியாபாரிகள். அச்சான்றிதழுடன் செல்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது ஆவணம் நிரப்பும் மேசை. அந்த மேசையின் வேலையையும் கணினி ஆண்டுதோறும் அரித்து வருகின்றது. கலைப்பீடங்களிற் பயில்வோருட் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதையும், இரவுமுறை வேலைக்குப் போய்வரும் வண்டியையோ பாதுகாப்பையோ பற்றி அறிவுரையாளர் ஒரு வார்த்தையும் கூறுவதில்லை என்பதையும் இதனுடன் சேர்த்து நோக்குக.

மறுபக்கத்தில், அரசாங்கமே இப்பட்டதாரிகளை எவ்வாறு பயன்படுத்தியது? 2020இல் ஐம்பதினாயிரம் வரையிலான பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்துக் காரியாலயங்களுக்குப் பகிர்ந்தளித்தது. கதிரை போதாத காரியாலயங்களிற் புவியியலும் பொருளியலும் சமூகவியலும் பயின்றோர் வரவுப் பதிவேட்டிற் கையொப்பமிட்டு மாலையைக் காத்திருந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின், 2022இல், டீசலின்றிப் பாரவூர்திகள் எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் நின்றன. ஓரிடத்தில் மரக்கறி அழுகியது. வேறோரிடத்தில் அதே மரக்கறி வாங்கமுடியாத விலைக்கு ஏறியது. எந்தப் பிரதேசத்தில் என்ன விளைகின்றது, எந்த நாளில் எத்தனை வண்டி தேவை, எந்தச் சந்தைக்கு முன்னுரிமை என்ற கணக்கு பெரும்பாலான பிரதேச செயலகங்களில் இருக்கவில்லை. கணக்கெடுக்கத்தக்கவர்கள் அதே கட்டடத்திற் கதிரைக்குக் காத்திருந்தனர்.

கலைப்பீடங்களும் இப்பழியிலிருந்து முற்றாக விடுபட முடியாது. பொருளாதாரப் புவியியல் விரிவுரைக் குறிப்புக்களில் லங்காசயர் பருத்தி ஆலைகளின் அமைவிடம் இன்னும் விரிவாகப் பேசப்படுகின்றது. சுன்னாகம் சந்தையின் அமைவிடத்தை ஆராய்ந்த பட்டநெறிக் கட்டுரைகள் அருமை. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் பாய்மரக் கப்பல் கட்டி வாணிபம் நடத்தியோரின் மரபைப் புகழ்வதற்கு விழா மேடைகள் உண்டு. வல்வையிற் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் நகர் வரை பாய்விரித்துச் சென்ற கதையை ஒவ்வொரு தலைமுறையும் பெருமையுடன் சொல்கின்றது. அக்கப்பல்களின் சரக்குக் கணக்கு, கூலி முறை, கடன் ஒழுங்கு ஆகியவற்றைத் தேடி எழுதுவோர் எத்தனை பேர்?

ஆகவே கோரப்படவேண்டியது சான்றிதழன்று. விளைபொருளைத் திரட்டும் நிலையங்களும் குளிர்களஞ்சியங்களும் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் அமைதல், அவற்றைத் திட்டமிடவும் நிருவகிக்கவும் அவ்வப் பிரதேசத்துப் பட்டதாரிகள் சம்பளத்துடன் அமர்த்தப்படல், சாரதிக்கும் நாட்டாமைக்கும் சேமலாப நிதியும் விபத்துக் காப்புறுதியும் கட்டாயமாக்கப்படல், புகையிரதத்திற் குளிரூட்டிய சரக்குப் பெட்டிகள் இணைக்கப்படல் ஆகியவையே வேலையை உண்டாக்குபவை. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் நின்று, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. பிரயாணிகள் திரும்பினர். சரக்கோ பெரும்பாலும் ஏ-9 வீதியிற் தங்கிவிட்டது.

வடக்கைப் பொறுத்தவரை காங்கேசன்துறை இக்கோரிக்கையின் உரைகல். நாகபட்டினத்துக்கும் அதற்கும் இடையே 2023 ஒக்டோபரிற் தொடங்கிச் சில நாட்களில் நின்ற பிரயாணிகள் கப்பற்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடல்வழி ஏறக்குறைய 60 மைல். ஆயினும் யாழ்ப்பாணத்துக் கடைக்குரிய இந்தியச் சரக்கு இன்றும் பெரும்பாலும் கொழும்பில் இறங்கி, 400 கிலோமீற்றர் பாரவூர்தியில் ஏறி வருகின்றது. காங்கேசன்துறைத் துறைமுகப் புனரமைப்புக்கான இந்திய உதவி 2018 முதல் பேசப்பட்டு வருகின்றது. பேச்சு முழுவதும் ஆழத்தையும் அலைதடுப்பையும் பற்றியது. சுங்கப் பரிசோதனை நிலையமும் களஞ்சியமும் பொதியிடும் கூடங்களும் அமைவதற்கு நிலம் வேண்டும். அந்நிலம் வலிகாமம் வடக்கில் உண்டு. அதில் ஒரு பகுதி இன்னும் படையினர் வசம் உள்ளது.